அறுபது வயது மேண்டலினும் எண்ணெய்க் கைகளும்

அத்தியாயம் ஏழு

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை நடந்த குற்றங்கள் அத்தனையும் எண்ணெய்க் கையால் செய்யப்பட்டவையே. இது துப்பறிவாளரின் கொள்கை. தொழிலுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் தான் பிடித்துக்கொடுத்த ஆட்களில் ஒருவன்கூடச் சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவன் இல்லை என்று சத்தியம் செய்வார். தெருவில் நின்றபடி, காகிதத்தில் மடித்துக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறவன் பாதிக் குற்றத்தை ஏற்கெனவே முடித்துவிட்டான், மீதியை எப்போது செய்வான் என்பதுதான் கேள்வி என்பார். இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்கிறவர்களும் சிரிக்கக் கூடாது.

அவருடைய சட்டை, கால்சட்டைப் பைகளில் மொத்தம் ஐந்து கைக்குட்டைகள் எந்நேரமும் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஊர் அவருக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்திருந்தது. அவருடைய உதவியாளன், மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்தப் பட்டப்பெயரை ஊருக்குள் பரப்பியவனும் அவனே. அத்தான் இன்னும் துப்புத் துலக்காத ஒரே வழக்கு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் தங்களை வரச்சொல்லியிருந்த, மேண்டலின் செய்யும் ஒரு பெண்ணின் பட்டறை வாசலில் நின்றார்கள். உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு குழாய், ஒரு பீங்கான் தொட்டி, சோப்பு, வெள்ளைத் துண்டு. மேலே அட்டையில், 'கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள்.' துப்பறிவாளர் அந்த ஒற்றை வரியை மூன்று முறை படித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா எழுதிய கடிதங்களைக்கூட இவர் இப்படிப் படித்திருக்க மாட்டார் என்று மைத்துனனுக்குத் தோன்றியது.

"இந்தம்மா குற்றவாளி இல்லை," என்றார் துப்பறிவாளர்.

"இன்னும் உள்ளயே போகலியே அத்தான்."

"தேவையில்லை."

பட்டறைக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். உப்புத்தாளால் ஒரு மேண்டலினின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஊரில் மேண்டலின் சேகரிப்போர் மன்றம் ஒன்று உண்டு. நல்ல கைவேலைக்காரர்கள் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் யாரும் வாத்தியம் செய்யச் சொல்வார்கள், பழுதுபார்க்கவும் கொடுப்பார்கள். மன்றத்தின் தலைவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒற்றைக்கண் மேஸ்திரி என்று ஒருவர் அறுபது வருஷத்துக்கு முன்னால் தன் கையால் செய்த மேண்டலின் அவரிடம் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு அதற்குள்ளே ஒரு மரச்சட்டம் பெயர்ந்துபோய், வாசிக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் நச்சரித்ததால் தலைவர் அதை இவளிடம் கொண்டுவந்தார். இவள் பின்பலகையைக் கழற்றி, சட்டத்தை ஒட்டி, மூடிக் கொடுத்தாள்.

போன மாதக் கூட்டத்தில் தலைவர் அதன் ஒலித்துளைக்குள் டார்ச் அடித்து எல்லாருக்கும் காட்டினார். அறுபது வருஷத்து மரம் பழுப்பேறிக் கிடக்க வேண்டும். உள்ளே பால் மாதிரி வெளுத்த புது மரம். பட்டறைக்காரி அசலை எடுத்துக்கொண்டு அச்சு அசலாகப் போலி ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டாள் என்றார். அன்றே பட்டியலிலிருந்து இவள் பெயரை அடித்துவிட்டார்கள். இன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம் முடிந்ததும் எல்லா வாத்தியக் கடைகளுக்கும் கடிதம் போகிறது.

அப்புறம் என்ன செய்வீர்கள் என்று துப்பறிவாளர் கேட்டார்.

"சமையலறை அலமாரி செய்யற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. நாளைக் காலையில பதில் சொல்லணும். ஒரு நாளைக்கு அறுபது இழுப்பறை. எல்லாம் ஒரே அளவு." அவள் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்தாள். "அங்க போயிட்டா இங்க திரும்பறதுக்குக் கை இருக்காது சார். கை மறந்துடும்."

திருப்பிக் கொடுத்த அன்று தலைவரிடம் என்ன பேசினீர்கள் என்றார். ஒன்றும் பேசவில்லையாம். பலகை இன்னும் காய்ந்து அடங்கவில்லை, வெயிலில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாளாம். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சில்லறைகூட வாங்காமல் போனாராம். உள்ளே வேறு ஏதாவது பார்த்தீர்களா என்று மைத்துனன் கேட்டபோது, அவள் உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"வாத்தியத்தைத் திறந்து உள்ள பார்த்ததை வெளிய பேசறதில்லை தம்பி. டாக்டருங்க மாதிரிதான். இன்னிக்கு ஒருத்தரைப் பத்திப் பேசினா, நாளைக்கு யார் கொண்டுவருவாங்க?"

துப்பறிவாளர் இதையும் மெச்சினார். வெளியே வந்ததும், இவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததில்லை என்றார்.

பிற்பகலில் மன்றத்துக்கு நடந்துபோகும் வழியில் மைத்துனன் அதன் விதிமுறைப் புத்தகத்தைப் படித்துக் காட்டினான். பட்டறைக்காரி கொடுத்தது. பதினொரு விதிகள். கூட்டம்தோறும் ஏதாவது ஓர் ஊரின் தெருவண்டித் தின்பண்டம் வந்தாக வேண்டும். தட்டும் வாத்தியமும் ஒன்றாகவே சுற்றிவர வேண்டும். எக்காரணம் கொண்டும் வாத்தியத்தைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் நாதம் போய்விடும். அடுத்தவர் வாத்தியத்தின் துளைக்குள் எட்டிப் பார்ப்பது அநாகரிகம். ஒன்பதாவது விதியை மைத்துனனே இரண்டு முறை படித்தான். கைவேலைக்காரர் ஒருவரின் பெயர் பட்டியலில் ஏற வேண்டுமென்றால், அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஒரு துண்டு தின்றுவிட்டு, அதே கையால் அவர் செய்த வாத்தியத்தை வாங்கி ஒருமுறை மீட்ட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பெயர் ஏறாது. அடுத்த மாதம்தான்.

துப்பறிவாளர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"இதையெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா?"

"அச்சடிச்சே வச்சிருக்காங்க." மைத்துனன் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். எண்ணெய் ஊறிய தாள் வழியாக எதிரே இருந்த மருந்துக்கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது.

துப்பறிவாளர் முதல் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி, இவர்களுக்கு மன்றம் என்றார். மாடு குறைந்தபட்சம் தொட்டியைத் தூக்கி வைத்துச் சங்கீதம் வாசிப்பதில்லை என்றும் சொன்னார்.

கூட்டம் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில். படியேறும்போதே வாசனை இறங்கி வந்து அவர்களை எதிர்கொண்டது. பொரித்த மீன் வாசனை மட்டும் என்றால் பரவாயில்லை. அதற்கு அடியில் பழைய மீன், அதற்கும் அடியில் எந்தக் காலத்திலோ வந்துபோன மீன். ஜன்னல் திரையின் ஓரத்தில், கை எட்டும் உயரத்துக்குச் சரியாக, ஒரு பழுப்புப் பட்டை ஓடியது. துண்டு இல்லாத வீட்டில் திரைக்கு அந்தக் கதிதான்.

நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், தங்க விளிம்புக் கண்ணாடி போட்டவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர், வைத்தியப் பெட்டியோடு. எதிரே தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். ஜன்னலோரம், லாரி உதிரிபாகம் விற்க ஊர் ஊராகப் போகிற 'சக்கரம்' என்ற பட்டப்பெயர்க்காரர். தின்பண்டம் கொண்டுவருவது எப்போதும் அவர் பொறுப்பு. பட்டறைக்காரி முன்னதாகவே வந்து, கதவோரம் ஒரு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் மேசை, மேசை நடுவில் தட்டு, தட்டில் மீன்.

இவர்கள் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. பேச்சு அப்படி.

மெல்லிசாகச் சீவினால்தான் சத்து என்றார் பல் டாக்டர். அவசரப்பட்டால் வெளியே பொன்னிறமாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார் சக்கரம். மலைப்பக்கத்து ஆட்களுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு என்று தபால் அம்மாள் முடித்தார். பேசுவது பொரித்த உருளைக்கிழங்கைப் பற்றியா, மேண்டலினின் முன்பலகையைப் பற்றியா என்று மைத்துனனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பேசியவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை. சக்கரம் விரல் நுனியை உறிஞ்சிவிட்டு, அதே விரலால் மடியிலிருந்த வாத்தியத்தின் தந்தியைத் தொட்டார். நாதம் எப்படி மொறுமொறுன்னு இருக்கு பாருங்க என்றார்.

துப்பறிவாளர் இரண்டாவது கைக்குட்டையை எடுத்தார்.

தலைவர் எழுந்து, துப்பறிவாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கண்ணுக்கு நேரே இருப்பதை மறுக்க முடியாது என்று பெருந்தன்மையோடு சொன்னார். கண் விஷயத்தில் தனக்கு முப்பது வருஷ அனுபவம் என்றும் நினைவூட்டினார். பிறகு அந்த மேண்டலினை மேசையில் வைத்துத் துளைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாரும் ஒருசேரப் பெருமூச்சு விட்டார்கள்.

துப்பறிவாளர் உள்ளே பார்க்கவே இல்லை. அவருக்கு வெளிப்புறமே போதுமானதாக இருந்தது. கழுத்து முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளின் இடுக்கில் ஏதோ அடைந்து கிடந்தது. வாத்தியத்தின் அடியில், எட்டுத் தந்திகளையும் கட்டியிருக்கும் இடத்தை ஒரு சின்னப் பித்தளை மூடி மறைத்திருந்தது. அதன் ஓரத்தில் கசிந்து, உறைந்து, மறுபடி கசிந்து உறைந்த ஒன்று மஞ்சளாக வழிந்து நின்றது. காதுக்குள் பார்த்த மாதிரி இருந்தது மைத்துனனுக்கு.

"இந்த மூடியைத் திறந்தீங்களாம்மா?" என்று பட்டறைக்காரியைக் கேட்டார்.

"இல்ல சார். வேலை பின்பலகையில. அதைத் தொடவே வேண்டி வரல." அவள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "துடைக்கக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தாங்க."

வேறு யாராவது திறந்ததுண்டா என்றார். துடைக்கவே தடை இருக்கும்போது திறப்பார்களா என்று தபால் அம்மாள் கேட்டார். பின்னே சரி, திறப்போம் என்றார் துப்பறிவாளர். தலைவர் ஆட்சேபித்தார். போலியைத் திறப்பதில் என்ன நஷ்டம் என்று மைத்துனன் கேட்டதும், உட்கார்ந்தார்.

திறப்பதற்குப் பல் டாக்டர் முன்வந்தார். தன் பெட்டியிலிருந்து சொத்தைப்பல் குடையும் கொக்கியை எடுத்து, மூடியை நெம்பினார். அது சப்தத்தோடு வந்தது. அந்தச் சப்தத்தை எழுத்தில் கொண்டுவரக் கூடாது. உள்ளே இருந்ததைப் பார்த்து, முப்பது வருஷமாக அடுத்தவர் வாயையே பார்த்துப் பிழைத்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுக்கடுக்காக இருந்தது. மேலே மீன் செதில். அதற்குக் கீழே சோள நார், பிசுக்கில் ஊறித் தலைமுடி போல. அதற்கும் கீழே பொரித்த மாவுத் துணுக்குகள், ஒட்டி ஒட்டி ஒரு கட்டியாக. டாக்டர் கொக்கியால் அடிக்கட்டியைப் பெயர்த்து ஒரு வெள்ளைத் தாளில் போட்டார். துப்பறிவாளருக்கு மூன்றாவது, நான்காவது கைக்குட்டைகள் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. கைக்குட்டைகளுக்கு நடுவிலிருந்து, இது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சக்கரம் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முகர்ந்தார். அப்புறம், யாரும் தடுப்பதற்குள், ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

துப்பறிவாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எள்ளு," என்றார் சக்கரம். கண்கள் மெல்ல மூடின. "காய்ஞ்ச எலுமிச்சைத் தோலு. மாவுல ரெண்டையும் சேர்த்தவன் ஒரே ஒருத்தன்தான். துறைமுகத்து மஞ்சள் வண்டிக்காரன். அடடா, போயிட்டானே மகராசன்."

"செத்துட்டாரா?" என்றான் மைத்துனன்.

சாகவில்லை. மகளோடு கடல் கடந்து போய்விட்டார், வண்டியையே விறகுக்கு உடைத்தாயிற்று என்று விளக்கினார் தபால் அம்மாள். முகவரி மாற்றத்தைப் பதிந்தவரே அவர்தான். ஓய்வுபெற்ற வருஷம். மூன்று வருஷம் முடிந்து ஒரு மாதமும் ஆகிறது.

துப்பறிவாளர் கைக்குட்டைகளை இறக்கினார்.

"இந்தப் போலியை இவங்க செஞ்சது எப்போ?"

"ரெண்டு மாசம் முன்ன," என்றார் பல் டாக்டர்.

"ரெண்டு மாசம் முன்ன பிறந்த மேண்டலின், மூணு வருஷம் முன்ன மூடின கடையில எப்படிச் சாப்பிட்டது?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் அந்த மஞ்சள் கட்டியைப் பார்த்தார்கள். அது தாங்கள் தின்றது. தங்கள் விரல்களிலிருந்து போனது. கூட்டத்துக்குக் கூட்டம், சுற்றுக்குச் சுற்று, இதே வாத்தியத்தில் தாங்களே தடவியது. வாத்தியம் மாறவில்லை.

முதலில் சமாளித்துக்கொண்டவர் தலைவர். கைகளை விரித்து, அப்பாடா என்றார். அசல் பத்திரமாக இருக்கிறது என்பதைவிடச் சந்தோஷம் வேறென்ன, தான்தான் அவசரப்பட்டுவிட்டேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன், மீன் ஆறுகிறது என்று மளமளவென்று பேசி, டார்ச்சைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார்.

"டார்ச்சு இருக்கட்டும் சார்," என்றான் மைத்துனன். "வாத்தியம் மாறலைன்னா, உள்ள இருக்கிற வெள்ளை மரம் எப்பவுமே வெள்ளை மரம்தானே?"

கீழே கடையில் மணி மூன்றே முக்கால் அடித்தது.

"பலகை இன்னும் காய்ஞ்சு அடங்கலைன்னு அவங்க உங்ககிட்ட சொன்னாங்க," என்றார் துப்பறிவாளர். "அறுபது வருஷமா காயாத மரம் எந்தக் காட்டுல இருக்கு? அவங்க அதை உங்க நல்லதுக்குச் சொன்னாங்க. நீங்க மிரட்டல்னு நினைச்சீங்க. அவங்க வெளிய சொல்றதுக்குள்ள அவங்களைத் திருடின்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்க பேச்சை யார் கேட்பாங்கன்னு கணக்குப் போட்டீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும் அவர் துடைப்பார் போலிருந்தது.

துப்பறிவாளர் கதவுப் பக்கம் திரும்பினார். இதை யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் தலைவரைப் பார்த்தாள். சொந்தக்காரர் சம்மதம் தராமல் பேசக் கூடாது என்ற பழக்கம் இன்னும் அவளை விடவில்லை. தபால் அம்மாள், "சொல்லும்மா, நாளைக்கு இழுப்பறை செய்யப் போகணுமா உனக்கு?" என்று அதட்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"டாக்டர் சார் பல்லு பார்க்கிற கண்ணாடி இருந்தா உள்ள விட்டுப் பாருங்க. முன்பலகைக்கு அடியில, இடது ஓரம்."

பல் டாக்டர் கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டுச் சாய்த்தார். தலைவரின் டார்ச்சைத் தலைவர் கையிலிருந்தே வாங்கினார். உள்ளே பென்சிலால் ஒரு தேதி, ஏழு வருஷம் முந்தையது. பக்கத்தில் ஒரு சின்ன இலை வரைந்திருந்தது. இவளுடைய எல்லா வாத்தியத்திலும் இருக்கிற இலை. டாக்டரே இரண்டு வாங்கியிருந்தார்.

"அப்ப நான் ஒரு கடைக்குச் செஞ்சு குடுத்துட்டிருந்தேன். யார் வாங்கினாங்கன்னு தெரியாது," என்றாள். "திறந்தன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஏழு வருஷமா எல்லாரும் இதை அறுபது வருஷ நாதம்னு சொல்லிட்டிருந்தீங்க. கேட்கக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துது. அதான் விட்டுட்டேன்."

தலைவர் ஒரு வார்த்தைதான் கேட்டார். புது மரத்தைப் பழசாகக் காட்ட எண்ணெய் எங்கே கிடைத்தது என்று துப்பறிவாளருக்குத் தெரியுமா என்றார். அதை அவரே சொல்லிவிட்டார். வாங்கிய முதல் மாதம் முழுக்க, தெருவண்டியில் பொரித்து மிஞ்சிய கறுப்பு எண்ணெயும் விளக்குக் கரியும் குழைத்துத் தினமும் பூசினாராம். அப்புறம் துடைக்கக் கூடாது என்று விதி போட்டாராம். உள்ளே எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்றும் விதி போட்டாராம். மற்ற மூன்று பேரும் தங்கள் கைகளை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். சக்கரம் முதல் முறையாக வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

கடிதங்களைத் தபால் அம்மாள் இரண்டாகக் கிழித்தார். தலைவர் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்தார். துப்பறிவாளரும் மைத்துனனும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பெயரை இப்போதே ஏற்றிவிட வேண்டும், நாளைக் காலையில் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண் அடுத்த மாதம்வரை காத்திருக்க முடியாது என்றார். மேண்டலின் தயாராக இருந்தது. செய்தவள் இவள்தானே. இத்தனை நடந்தும் ஒன்பதாவது விதியை எடுத்துவிடலாம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை மைத்துனன் வியப்போடு பார்த்தான்.

தட்டு கிளம்பியது. தபால் அம்மாள் ஒரு துண்டு தின்று மீட்டினார். டாக்டர் தின்றார், சக்கரம் தின்றார். தலைவர் யாரையும் பார்க்காமல் தின்று, யாரையும் பார்க்காமல் மீட்டினார். பட்டறைக்காரி ஒரு துண்டை மென்றபடி தன் வாத்தியத்தைத் தன்னுடையதாகவே முதல் முறை மீட்டினாள். நாதம் நன்றாகவே இருந்தது. மைத்துனன் இரண்டு துண்டாகவே எடுத்தான்.

தட்டு துப்பறிவாளர் முன்னால் வந்து நின்றது.

அதற்குள் ஆறு கைகள் அந்தத் தட்டில் புகுந்து வந்துவிட்டன. ஒரு மீன் துண்டின் மேல் யாருடைய விரல் ரேகையோ தெளிவாகப் பதிந்திருந்தது. மைத்துனன் அத்தானைப் பார்த்தான். ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்ய வேண்டிய இடம். பட்டறைக்காரி முக்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் தட்டை அத்தான் பக்கம் சற்று நகர்த்தி வைத்தான்.

"விருந்தாளிங்களும் அறையில இருக்கிறவங்கதானா?" என்று துப்பறிவாளர் கேட்டார்.

"உட்கார்ந்திருக்கீங்களே," என்றார் தபால் அம்மாள்.

அவர் ஐந்தாவது கைக்குட்டையை எடுத்தார். அதை முகத்துக்குக் கொண்டுபோகாமல், மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தார். ரேகை பதிந்த துண்டைத் தவிர்த்து, ஓரத்தில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டே மென்றார். பிறகு அதே விரல்களால் மேண்டலினை வாங்கினார். பிசுக்கில் விரல் ஒட்டிக்கொண்டது. மீட்டினார்.

தபால் அம்மாள் பட்டியலில் பெயரை எழுதி, அடிக்கோடிட்டார். பட்டறைக்காரி எழுந்து நின்று கும்பிட வந்து, தன் கையைப் பார்த்து, கும்பிடாமல் சிரித்தாள். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கள் தங்கள் வாத்தியத்தை அவள் பட்டறைக்குக் கொண்டுவந்தால் கழுவித் தர முடியுமா என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மேசையருகே துப்பறிவாளர் மட்டும் நின்றார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார். மென்று முடித்ததும் விரலைக் கால்சட்டையில் இப்படியும் அப்படியுமாக ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.